ஆய்வேட்டில் ஒரு பக்கத்துக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிப் படிப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா, கூடாதா என்று தங்கள் நாளிதழில் பேராசிரியர்கள் எழுதுகிறார்கள், கணினி நிபுணர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. வேலூரில் 24 ஆண்டுகளாக நான் அந்த வேலையைச் செய்கிறேன். பிள்ளைகள் எதைத் தாங்களே எழுதினார்கள், எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது அவர்களுடைய ஆய்வை வழிநடத்தும் ஆசிரியருக்கு, அதாவது கைடுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். பெயர் தெரிந்தால் கடை தெரியும். கடை தெரிந்தால் நான் சொல்லப்போகும் பிள்ளைகள் யார் என்பதும் தெரிந்துவிடும்.

பிப்ரவரி கடைசியில் எங்களுக்குப் புராஜெக்ட் காலம் தொடங்கும். ஏப்ரல் பாதி வரை இரவு பத்து மணிக்கு முன் கடையை மூட முடியாது. காலிக்கோ என்னும் கறுப்புத் துணி ஒட்டிய அட்டை, அதன் மேல் தங்க எழுத்து, ஒருவருக்கு மூன்று படி. எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்றாலும் முன்பக்கங்கள் மாறுவதில்லை. முகப்பு, கைடு கையெழுத்திடும் சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை. உறுதிமொழிப் பக்கத்தில், இந்த ஆய்வேடு முழுக்க என் சொந்த முயற்சியில் உருவானது, வேறு எந்தப் பட்டத்துக்கும் இதற்கு முன் கொடுக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் நான்கு வரி இருக்கும். அந்தப் பக்கத்தை நான் புதிதாகத் தட்டச்சு செய்து பல வருடங்கள் ஆகின்றன. பெயர், தலைப்பு, வருடம் மூன்றையும் மாற்றி அச்செடுத்துவிடுவேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வாசித்துப் பார்த்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வந்த பிறகுதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு வெகு காலம் முன்பே, "போன வருடத்துப் புராஜெக்ட் ஏதாவது இருக்கிறதா அண்ணா?" என்று கேட்டு வருவார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனி என்று இருந்ததை ராணிப்பேட்டை தோல் கம்பெனி என்று மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு அட்டவணையில் நான் செய்த தட்டச்சுப் பிழை, அடுத்தடுத்த வருடங்களில் நான்கு ஆய்வேடுகளில் அப்படியே போயிருந்ததை ஒரு நாள் பார்த்தேன். நான்கு பேரும் நான்கு கல்லூரி. நான்கு உறுதிமொழிகளையும் அச்செடுத்தவன் நான். அன்றைக்கே அந்தப் பழைய கோப்புகளையெல்லாம் அழித்தேன். அதுவரை செய்தது தவறு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் ஏற ஏற, திருத்திக் கொடு என்பதில் தொடங்கி, ஓராண்டு தள்ளிவைப்பது வரை போகும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. நல்ல நோக்கம்தான். ஆனால் கடைக்கு வந்த பிள்ளைகள், "அண்ணா, சதவீதத்தைக் குறைத்துக் கொடுக்க முடியுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். யார் எழுதியது என்ற கேள்வி மறைந்து, எண் எவ்வளவு என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி, கேட்டதை எழுதிக் கொடுக்கும் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளியானது. அதற்குப் பின் இரண்டே வருடங்களில், கையால் எழுதிய தாள்களோடு கடைக்கு வருகிறவர்கள் அநேகமாக நின்றுபோனார்கள். இப்போது எல்லாம் செல்போனில் வருகிறது.

கடந்த புராஜெக்ட் காலத்தில், வணிகவியல் மூன்றாமாண்டு படிக்கும் ஒரு தம்பி வந்தான். குடியாத்தம் பகுதியில் பீடி சுற்றும் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை என்பது தலைப்பு. எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். என் அம்மா 40 வருடம் பீடி சுற்றி எங்களை வளர்த்தவர். வழக்கமாகப் பக்க எண் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் நான், அதை உட்கார்ந்து படித்தேன்.

120 பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கியதாக எழுதியிருந்தது. அட்டவணைகள் அழகாக இருந்தன. எதைக் கூட்டினாலும் சரியாக நூறு வந்தது. ஒரு பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 4,500 பீடி சுற்றுகிறாள் என்றது ஓர் அட்டவணை. என் அம்மா நல்ல வயதில், காலை அடுப்பு வேலை முடித்து உட்கார்ந்து விளக்கு வைக்கும் வரை சுற்றினாலும் ஆயிரத்தைத் தாண்டுவது அபூர்வம். அடுத்த அட்டவணை, பணியிடத்தில் உள்ள இயந்திரங்களின் தரம் பற்றியது. பீடி சுற்றுவதற்கு ஏது இயந்திரம்? மடியில் ஒரு முறம், கையில் கத்தரி, இலையை அளந்து வெட்ட ஒரு தகரத் துண்டு, கட்டுவதற்கு நூல். இன்னோர் அட்டவணையில், நிறுவனம் தரும் பஸ் வசதி போதவில்லை என்று 38 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு எந்த பஸ்?

"தம்பி, இந்த 120 பேரில் ஒருவருடைய பெயரைச் சொல்" என்றேன்.

அவன் தாளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "யாரையும் போய்ப் பார்க்கவில்லை அண்ணா" என்றான். பகலில் கல்லூரி, சாயங்காலம் ஆறு மணி முதல் இரவு பதினொன்று வரை வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் வேலை. கேள்வித்தாளை இயந்திரத்திடம் கேட்டு வாங்கியிருக்கிறான். நேரம் நெருங்கியதும், பதில்களையும் நீயே போட்டுக் கொடு என்று கேட்டிருக்கிறான். அதுவும் போட்டுக் கொடுத்துவிட்டது.

நான் அவனைத் திட்டவில்லை. ஆனால் நெஞ்சு எரிந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் பெண்கள் அவர்கள். ஒரு நாளைக்கு 4,500 சுற்றுகிறார்கள் என்று ஒரு கல்லூரி நூலகத்தில் தங்க எழுத்துப் போட்டு வைத்துவிட்டால், அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை அதை மேற்கோள் காட்டுவான். கூலி போதவில்லை என்று என் அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லும்போது, கணக்கு வேறு மாதிரி இருக்கிறதே என்று யாராவது எடுத்துக் காட்டுவார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-இல் தனிச் சட்டம் வந்தும் இன்னும் தீராத பாடு அது. அதன் மேல் ஒரு பொய்க் கணக்கும் வேண்டுமா?

என் மகள் கணினி அறிவியல் படிக்கிறாள். அவள்தான் எனக்கு விளக்கினாள். இந்த இயந்திரம் அடிப்படையில், தான் படித்த கோடிக்கணக்கான வரிகளின் போக்கை வைத்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்து எழுதுவது. தொழிலாளர் பற்றிய ஆய்வுகளில் இயந்திரம், போக்குவரத்து, திருப்தி என்றெல்லாம் வருவது வழக்கம். அதனால் பீடிக்கும் அதையே போட்டுவிட்டது. பொருந்துகிற மாதிரி இருப்பதும் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்பது அதற்குத் தெரிவதில்லை. நமக்குத் தெரிய வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த ஆறு தீர்ப்புகளை உண்மை என்று தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். கருவியின் உதவியை நாடியதே குற்றம் என்று அந்த நீதிபதி சொல்லவில்லை. சரிபார்க்கும் கடமையைக் கைவிட்டதும், கேள்வி எழுந்த பிறகும் இல்லாத தீர்ப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றதும்தான் குற்றம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை குடியாத்தம் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போனேன். "ஆயா, உங்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும்" என்று அம்மாவிடம் கேள்வித்தாளை எடுத்தான். "கேட்பது இருக்கட்டும், நீ முதலில் ஒன்று சுற்றிக் காட்டு" என்று அம்மா முறத்தை அவன் மடியில் வைத்தார். ஊறவைத்த இலையை அளந்து வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை நகத்தால் மடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அவன் மூன்று பீடி சுற்றினான். அம்மா மூன்றையும் பிரித்து, தூளைப் பழையபடி முறத்தில் கொட்டிக்கொண்டார். இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பது. வீணாக்கினால் கூலியில் பிடித்துவிடுவார்கள். அவன் நோட்டை எடுத்து எழுதியது அப்போதுதான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 11 பெண்களிடம் பேசினான். ஒரு பெண் தன் வலது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடியைப் போல் வழவழவென்று இருந்தன. இலையைத் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் அவருடைய கைரேகை விழுவதில்லை. மூன்று நான்கு முறை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து வேறு யாரையாவது அழைத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பதினொரு பேரில் நான்கு பேர் இதையே சொன்னார்கள். தம்பியின் கேள்வித்தாளில் 25 கேள்விகள் இருந்தன. கைரேகையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அந்த நான்கு பேர் சொன்னதை வைத்து அவன் தனியாக ஓர் அத்தியாயம் எழுதினான்.

அவன் தமிழ் வழியில் படித்தவன். பெண்கள் சொன்னதை நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தான். இரவில் அதை இயந்திரத்திடம் கொடுத்து ஆங்கிலமாக்கிக்கொண்டு, வரி வரியாகத் தமிழோடு ஒத்துப் பார்த்தான். புகையிலைத் தூளை ஓரிடத்தில் அது சமையல் தூளாக்கியிருந்தது, திருத்தினான். இதில் நான் ஒரு தவறும் காணவில்லை. ஆங்கிலம் வராத ஒரே காரணத்தால் நல்ல சரக்கை வைத்துக்கொண்டு கூசி நிற்கும் பிள்ளைகளை 24 வருடமாகப் பார்க்கிறேன். அவர்களுக்கு இது பெரிய கைகொடுப்பு. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அதிலிருந்து தானாக முடிவுக்கு வந்தது, இவை மூன்றும் பிள்ளையுடையதாக இருந்தால் போதும். மொழிக்கு உதவி வாங்கினால் வாங்கினேன் என்று சொல்லட்டும்.

தம்பி அதைச் சொன்னான். உறுதிமொழிக்கு அடுத்த பக்கத்தில், எதற்கு இயந்திரத்தைப் பயன்படுத்தினான், எதற்குப் பயன்படுத்தவில்லை என்று தானே எழுதிச் சேர்க்கச் சொன்னான். நான் மனநிறைவோடு அச்செடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மூன்று படிகளையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். "இந்தப் பக்கம் எதற்கு? வீண் வம்பு, எடுத்துவிடு" என்று கைடு சொல்லிவிட்டாராம். காலிக்கோ போட்ட பிறகு ஒரு பக்கத்தை எடுப்பது எளிதல்ல. தையலிலிருந்து அரை அங்குலம் விட்டு, இரும்பு ஸ்கேலை அழுத்தி வைத்து, பிளேடை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் ஜோடித் தாள் தளர்ந்து கழன்றுவிடும். மூன்று படிகளிலும் அந்தப் பக்கத்தை அறுத்தவன் நான். 120 பேர் என்ற பொய்யோடு அந்த ஆய்வேடு போயிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டே அறுத்தேன்.

அந்தக் கைடை நான் குறை சொல்லவில்லை. கௌரவ விரிவுரையாளர்களின் சம்பளமும் வேலைப்பளுவும் எனக்குத் தெரியும். அவர்களில் பலர் என் வாடிக்கையாளர்கள். இயந்திரம் என்ற சொல் ஆய்வேட்டில் இருந்தால் தனக்குக் கேள்வி வரும் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடித்துச் சொல்வதாகக் கூறும் இன்னோர் இயந்திரத்தைப் பலரும் இப்போது நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண், முதுகலை மாணவி. கையால் எழுதிய 42 பக்கங்களைக் கொண்டுவந்தாள். அடித்தல் திருத்தலோடு இருந்த அந்தத் தாள்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் தட்டச்சு செய்தவன் நான். சின்னச் சின்ன வாக்கியம், தெரிந்த சொற்களையே திரும்பத் திரும்பப் போட்டு எழுதும் ஆங்கிலம். கல்லூரியில் ஏதோ ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்து, எழுபதுக்கு மேல் ஒரு சதவீதத்தைக் காட்டி, இது இயந்திரம் எழுதியது, வேறு எழுதிக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். "பைண்டிங் கடை அண்ணாவைக் கேளுங்கள்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு நாள் கழித்து வேறொரு கோப்பைக் கொண்டுவந்தாள். தான் எழுதியதையே ஓர் இயந்திரத்தில் போட்டு மாற்றி எழுத வைத்திருந்தாள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதையே சோதித்திருக்கிறார்கள் என்று மகள் படித்துக் காட்டினாள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை தள்ளின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படிக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. சாட்ஜிபிடியை உருவாக்கியவர்களாலேயே சரியாகச் செய்ய முடியாத ஒன்றை வைத்து ஒடுகத்தூர்ப் பெண்ணைப் பொய்யாக்குவது எந்த விதத்தில் நியாயம்?

எங்கள் பகுதிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. உறுதிமொழிக்கு அடுத்து ஒரு பக்கத்தை விதியாகவே சேர்த்துவிடுங்கள். எந்தக் கருவியிடம் என்ன கேட்டேன், அது கொடுத்ததில் எதை வைத்துக்கொண்டேன், எதை எப்படிச் சரிபார்த்தேன் என்று பிள்ளை எழுதட்டும். ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதை எழுதட்டும். எல்லோரும் எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் யாருக்கும் வம்பு இல்லை, கைடுக்கும் பயம் இல்லை. வைவா என்னும் வாய்மொழித் தேர்வையும் வைவாவாக நடத்துங்கள். முடித்துவிட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தால், பெயரையும் தலைப்பையும் கேட்டார்கள் என்கிறார்கள். பத்து நிமிடம் உட்காரவைத்து, இந்த அட்டவணையில் உள்ள ஒருவரைப் பற்றிச் சொல் என்றால் போதும். ஒரு கைடுக்கு முப்பது பிள்ளைகள் என்றால் அதற்கு நேரம் இருக்காது என்பதும் தெரியும். அப்படியானால் ஆட்களைக் கூட்டுங்கள், அல்லது புராஜெக்டைக் குறையுங்கள்.

சரிபார்த்தேன் என்று கையால் எழுத வேண்டி வந்தால் பிள்ளைகள் நிஜமாகவே சரிபார்ப்பார்கள் என்று நான் நம்புகிறேன். சென்ற மாதம் முதலாண்டு மாணவன் ஒருவன் 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி பற்றிய கட்டுரையை அச்செடுக்க வந்தான். புரட்சியை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி சென்னையிலிருந்து படையோடு வந்தார் என்று அதில் இருந்தது. வந்தது ஆற்காட்டிலிருந்து. இந்த ஊர்க் குழந்தை அதைத் தவறாக எழுதலாமா? அச்செடுக்காமல், கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்வரச் சொல்லி அனுப்பினேன். போய்வந்தான். கட்டுரையை அவனே மாற்றினான்.

அறுத்தெடுத்த மூன்று தாள்களில் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த புராஜெக்ட் காலத்துக்குள் கல்லூரிகள் முடிவெடுத்தால் மாதிரிக்கு உதவும் என்று வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் உள்ள அதைத் தமிழில் தருகிறேன்:

"கேள்வித்தாளை முதலில் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கினேன். அதிலிருந்த 25 கேள்விகளில் 9 இந்தத் தொழிலுக்குப் பொருந்தாததால் நீக்கினேன். 11 பெண்களிடம் நான் நேரில் பேசினேன். அவர்கள் தமிழில் சொன்னதை நோட்டில் எழுதி, அதே கருவியால் ஆங்கிலமாக்கி, ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள கைரேகை விவரம் அந்தப் பெண்கள் சொன்னது. முதலில் நான் பதில்களையும் கருவியிடம் கேட்டு வாங்கியிருந்தேன். அவற்றில் எதுவும் இந்த ஆய்வேட்டில் இல்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன்."

இப்படிக்கு,
தட்டச்சு, பைண்டிங் கடை நடத்தும் ஒரு வாசகர்,
வேலூர்.